சத்தம் போன பஸ் ஸ்டாண்டு

நெட்டூரணி பஸ் ஸ்டாண்டின் டைம் ஆபீஸ் கம்ப்யூட்டருக்குப் புது மதர்போர்டு போட்ட அன்று, அதைப் போட்ட கம்ப்யூட்டர் மெக்கானிக் ரேணுகாதேவி பவர் பட்டனை அழுத்தி, திரையில் வெளிச்சம் வந்து, கடிகாரம் வந்து, பஸ்களின் நேரப் பட்டியலும் வரிசை பிசகாமல் வந்து, அப்பாடா என்று அவள் முதுகை நிமிர்த்திய அந்த நிமிடத்தில், பஸ் ஸ்டாண்டில் இருந்த சத்தம் முழுவதும் போய்விட்டது. கம்ப்யூட்டரிலிருந்து வரும் சத்தம் மட்டும்தான் என்று நினைத்துவிடக் கூடாது. முகப்பு வளைவிலிருந்து பின்பக்கம் பஸ் வெளியே போகிற கேட் வரைக்கும் இருந்த சத்தம் எல்லாமே போய்விட்டது. ராஜபாளையம் பஸ் டிரைவர் ஆரனை அழுத்தினார், கை வலித்ததுதான் மிச்சம். டீ மாஸ்டர் பாய்லர் மூடியைக் கை தவறிக் கீழே போட்டார், அது உருண்டு போய்ச் சுவரில் முட்டி, ஒன்றும் நடக்காததுபோல் படுத்துக்கொண்டது. இடுப்புக் குழந்தை ஒன்று வாயைப் பிளந்து அழுதது, கண்ணீர் வந்தது, மூக்கு ஒழுகியது, அழுகை மட்டும் வரவில்லை.

ஜனங்கள் கொஞ்ச நேரம் காதில் விரலை விட்டு ஆட்டிப் பார்த்தார்கள். பிறகு அருப்புக்கோட்டை பஸ் வந்து நின்றதும் ஓடிப்போய் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடித்தார்கள். நெட்டூரணிக்காரர்களுக்கு எது நடந்தாலும் முதலில் இடம் பிடித்தாக வேண்டும், ஆச்சரியப்படுவதை உட்கார்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். உட்கார்ந்த பிறகு தூக்கம் வந்துவிடும், அது வேறு விஷயம்.

டைம்கீப்பர் ஜெகவீரன் ரேணுகாவைப் பார்த்து ஏதோ கேட்டார். அவர் உதடு அசைந்தது. என்ன சார் என்று அவள் திருப்பிக் கேட்டாள், அவள் கேட்டது அவளுக்கே கேட்கவில்லை. திரையைப் பார்த்தாள். கம்ப்யூட்டருக்குள் இருக்கிற உறுப்புகளின் பட்டியலில் சவுண்டு என்ற வரிக்குப் பக்கத்தில் மஞ்சள் முக்கோணம் ஒன்று, உள்ளே ஆச்சரியக்குறியோடு உட்கார்ந்திருந்தது. அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஜெகவீரனின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு முகப்பு வளைவைத் தாண்டி வெளியே வந்தாள், வந்ததும் அவர் பேச்சு பாதியிலிருந்து பெருங்குரலில் கேட்டது.

"...பண்ணித் தொலைச்சிருக்க, ஊரே ஊமையாப் போச்சேம்மா!"

"கத்தாதீங்க சார், இங்க கேக்குது. சவுண்டு டிரைவர் ஏறல, அவ்வளவுதான்."

"டிரைவரா?"

"புது போர்டு வந்தா அதுக்குப் பழைய சாமான் எதையும் தெரியாது சார். இதுதான் ஸ்பீக்கர், இதுகிட்ட இப்படிப் பேசணும்னு நடுவுல ஒரு ப்ரோக்ராம் நின்னு சொல்லிக் கொடுக்கணும். அதுக்குத்தான் டிரைவர்னு பேரு. அது சரியா உக்காரல. நாளைக்கு வந்து பாக்குறேன்."

பஸ் ஸ்டாண்டின் சத்தம் எப்படிக் கம்ப்யூட்டருக்குள் போய் மாட்டியது என்று ஜெகவீரன் கேட்கவில்லை, வேறு யாரும் கேட்கவில்லை. எல்லா வயரும் அந்த ரூமுக்குத்தானே போகிறது என்று டீ மாஸ்டர் மட்டும் பிறகு ஒருநாள் வளைவுக்கு வெளியே நின்று சொன்னார், எல்லாரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள், அத்தோடு அந்த ஆராய்ச்சி முடிந்தது.

ரேணுகாவுக்கு நாற்பதைத் தாண்டிய வயது. நெட்டூரணியில் எந்தப் பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும், எந்த ஜெராக்ஸ் கடையில் மவுஸ் ஓடாவிட்டாலும், எந்தப் பள்ளிக்கூடத்தில் மார்க் ஏற்றும் நேரத்தில் நெட் போனாலும் அவள் போன்தான் அடிக்கும். சாப்பிட உட்கார்ந்தால் அடிக்கும், குளிக்கப் போனால் அடிக்கும், அழலாம் என்று நினைத்தாலும் அடிக்கும். நடுநடுவே வீட்டிலிருந்து கேசவன் அடிப்பான். அவள் புருஷன் கேசவன் வயரிங் வேலைக்குப் போன இடத்தில் ஏணியிலிருந்து விழுந்து இடுப்பு உடைந்து கட்டிலோடு கிடக்கிறான், நல்ல மனுஷன்தான், ஆனால் கிடக்கிறவனுக்குப் பொழுது போக வேண்டுமே. ஃபேனைக் குறைக்கச் சொல்லிக் கூப்பிடுவான், கூட்டச் சொல்லிக் கூப்பிடுவான், அவள் அடுப்படியில் இருந்தால்கூடக் குரல் கொடுக்காமல் போனில் கூப்பிட்டு எங்க இருக்க என்பான். அவளுக்குக் களைப்பு என்பது ஒருநாள் வந்து மறுநாள் போகிற சங்கதியாக இல்லாமல் உடம்பில் இன்னொரு உறுப்பாகவே ஆகிவிட்டிருந்தது.

மறுநாள் வந்தாள், போர்டு டப்பாவில் வந்த சி.டி.யைப் போட்டாள். முதலில் சிப்செட்டுக்கு உண்டான டிரைவரை ஏற்றினாள், ஏனென்றால் அதுதான் வீட்டுப் பெரியாள், அது வந்து உட்காராமல் மற்றது எதுவும் பந்தியில் உட்காராது. பிறகு நெட்டுக்கு உண்டானது. பிறகு சவுண்டு. எல்லாம் பச்சைக் கோடாக நகர்ந்து முடிந்தது, வெற்றிகரமாக நிறுவப்பட்டது என்றது, ரீஸ்டார்ட் செய்யச் சொன்னது, செய்தாள். மஞ்சள் முக்கோணம் அப்படியே இருந்தது. இந்தச் சாதனத்தைத் தொடங்க முடியவில்லை என்று கீழே ஒரு வரி. டப்பாவின் மேல் ஒரு சிப் பேர் போட்டிருக்க, போர்டில் வேறொரு சிப் வைத்து அனுப்புவது இந்தத் தொழிலில் புதிதல்ல, அதனால் டார்ச் அடித்துச் சிப்பின் முதுகில் இருந்த பொடி எழுத்தைப் படித்து, அதற்கு ஏற்றதை இறக்கிப் போட்டாள். அப்போதும் முக்கோணம்.

அடுத்த தடவை அவள் கிட்டத்தட்டப் பொருந்துகிற ஒரு டிரைவரை வம்படியாக ஏற்றினாள், ஏறிக்கொண்டது, முக்கோணம் மறைந்தது, பஸ் ஸ்டாண்டில் சத்தம் வந்தது, ஆனால் ஆளுக்கு ஆள் மாறி வந்தது. சிவகாசி பஸ் ஸ்டார்ட் ஆனபோது ஆட்டுக்குட்டி கத்தியது. கண்டக்டர் விசில் ஊத, எங்கோ ஒரு பிள்ளை தும்மியது. பூக்காரி தங்கலட்சுமி முழம் என்ன விலை என்று சொல்ல வாயைத் திறந்தால் குக்கர் விசில் வந்தது. ஜெகவீரன் மைக்கைப் பிடித்து பயணிகளின் கனிவான கவனத்திற்கு என்று தொடங்கியதும் தண்ணீர் குழாய் காற்றடிக்கும் சத்தம் வளாகம் முழுக்கக் கேட்டது, அன்று சிரித்தவர்களில் சிலருக்கு வயிற்றுவலியே வந்துவிட்டது. சிரிப்பும் சிரிப்பாக வரவில்லை, ஷட்டர் இறக்குகிற சத்தமாக வந்தது. பொழுது சாய்வதற்குள் எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டு, இதற்கு அதுவே தேவலை என்று சைகை காட்டினார்கள். அவள் அதை நீக்கினாள். மறுபடி சத்தம் போனது, ஜனங்களின் தோள்கள் கொஞ்சம் கீழே இறங்கியதை அவள் பார்த்தாள். தன்னுடைய தோளும் இறங்கியது.

அதற்குப் பிறகு நெட்டூரணி அந்த அமைதியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தனதாக்கிக்கொண்டது. கண்டக்டர்கள் போகலாம் என்பதற்குப் பச்சைத் துண்டும் நில்லு என்பதற்குச் சிவப்புத் துண்டும் வாங்கி வைத்துக்கொண்டார்கள், பஸ் பின்வாங்கும்போது கிளீனர் பின்கண்ணாடிக்கு நேரே நின்று இரண்டு கையாலும் வா வா என்று கோழியைக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டான். தங்கலட்சுமி சிலேட்டில் விலை எழுதி வைத்தாள், பேரம் பேச வந்தவர்கள் எச்சில் தொட்டு அழித்து வேறு விலை எழுதினார்கள், அவள் அதை அழித்து முறைத்தாள். சண்டை போட நினைத்தவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு வளைவுக்கு வெளியே போய், திட்ட வேண்டியதைத் திட்டி முடித்து, மறுபடி உள்ளே வந்து பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பயணம் போனார்கள். பாதிச் சண்டைகள் வெளியே போகிற வழியிலேயே ஆறிப்போயின.

பிறகு பஸ்ஸுக்கு வேலையில்லாதவர்களும் வரத் தொடங்கினார்கள். தூங்காத பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு தாய்மார்கள் வந்தார்கள், பிள்ளை அழுது அழுது, அழுவது தனக்கே கேட்காமல் சலித்துப்போய்த் தூங்கியது. பரிட்சைக்குப் படிக்கிறவர்கள் வந்தார்கள். ஒற்றைத் தலைவலிக்காரர்கள் வந்தார்கள். தீப்பெட்டி ஆபீஸில் நாளெல்லாம் மிஷின் சத்தத்தில் நின்றவர்கள் ஷிப்டு முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் உள்ளே வந்து, கொஞ்ச நேரம் சும்மா நின்றுவிட்டுப் போனார்கள். பேசித் தீராத அண்ணன் தம்பி பாகப்பிரிவினை ஒன்று அங்கே நான்காவது பிளாட்பாரத்தில் பேசாமல் தீர்ந்தது. ஒரு பெண்ணைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் அங்கேயே வந்தார்கள், ஏனென்றால் பெண்ணின் தாய்மாமன் வாயைத் திறந்தால் எந்தச் சம்பந்தமும் கூடி வராது, அந்தச் சம்பந்தம் கூடி வந்தது. தெற்குத் தெருவில் ஒரு சாவு விழுந்து ஊர்வலம் பஸ் ஸ்டாண்டு வழியாகச் சுடுகாட்டுக்குப் போனபோது, பறை அடிப்பவர்களின் கை அதே வேகத்தில் ஏறி இறங்க, பெண்கள் மாரில் அடித்துக்கொள்ள, ஒரு சத்தமும் இல்லாமல் அந்தத் துக்கம் நடந்து போனது. அதைப் பார்த்தவர்கள், இறந்தவரைத் தெரியாதவர்கள்கூட, அன்று அழுதார்கள்.

இதில் யாரைவிடவும் அந்த அமைதியில் விழுந்து கிடந்தவள் ரேணுகாதான். அவள் தினமும் மத்தியானம் வந்து, டைம் ஆபீஸில் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து, போனை மேஜையில் வைத்துவிடுவாள். போன் திரை வெளிச்சம் வரும், அணையும், வரும், அணையும். கேசவன் பேர் வரும், போகும். அவள் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள், தலைக்குள் யாரோ வெகுநாளாக ஓட்டிக்கொண்டிருந்த கிரைண்டரை நிறுத்தியது போல் இருக்கும். ஆரம்பத்தில் நிஜமாகவே அவளால் சரிசெய்ய முடியவில்லை. பிறகு என்ன கோளாறு என்று மனதுக்குள் ஒரு சந்தேகம் வந்துவிட்டது, வந்த பிறகும் அவள் அதைத் தொட்டுப் பார்க்கவில்லை.

சந்தேகம் இதுதான். போர்டு மாற்றினால் ஹார்டு டிஸ்கைத் துடைத்துவிட்டு எல்லாவற்றையும் முதலிலிருந்து போடுவதுதான் முறை. ஆனால் நெட்டூரணியில் எந்தக் கஸ்டமரும் அதற்கு ஒத்துக்கொண்டதில்லை. உள்ளே இருக்கிறது எதுவும் போய்விடக் கூடாது என்று கையைப் பிடித்துக்கொள்வார்கள், ஜெகவீரனும் அப்படித்தான் பிடித்துக்கொண்டார். அதனால் அந்த ஊர் வழக்கப்படி பழைய டிஸ்கை அப்படியே புது போர்டில் மாட்டினாள். பழைய போர்டு காயலான் கடைக்குப் போய்விட்டது, ஆனால் அது இருந்த காலத்துச் சாதனங்கள் டிஸ்குக்குள் கண்ணுக்குத் தெரியாமல் இன்னும் இடத்தைப் பிடித்துக்கொண்டு, புதுசை உட்கார விடாமல் இருக்கும். மறைந்திருப்பவற்றைக் காட்டு என்று ஒரு இடத்தில் தட்டினால் வெளிறிப்போய் வரிசையாக நிற்கும். அந்த ஒரு தட்டைத்தான் அவள் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தாள்.

இருமலுக்கு இஞ்சி மொரப்பா விற்கிற குருவையா அவளை வளைவுக்கு வெளியே மறித்தது அப்படிப்பட்ட ஒரு நாளில்தான். குருவையாவுக்குப் பிறவியிலிருந்தே கண் தெரியாது. மீசை வெள்ளையாகும் வரை அந்தப் பஸ் ஸ்டாண்டில்தான் அவர் பிழைப்பு. கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட தகரப் பெட்டி, கையில் கோல், யாரையும் மதிக்காத வாய். எஞ்சின் சத்தத்தை வைத்தே இது எந்த ஊர் பஸ், யார் ஓட்டுகிறார், இன்று கியர் சரியாக விழுகிறதா என்று சொல்லிவிடுவார், சொல்வதோடு விடமாட்டார், ஓட்டுகிறவரின் வம்சத்தையும் சேர்த்துச் சொல்வார். கதவைத் தட்டி ஏறி, முன்வாசலில் தொடங்கிப் பின்வாசலில் இறங்குவதற்குள் இஞ்சி மொரப்பா இஞ்சி மொரப்பா என்று அவர் போடும் சத்தத்தில், வாங்காதவர்களுக்கும் தொண்டை கரகரக்கும். சத்தம் போனதில் ஊருக்குக் கிடைத்த நிம்மதியில் பெரும்பங்கு குருவையாவின் சத்தம் போனதுதான் என்று உள்ளூர எல்லாரும் நினைத்தார்கள்.

"ஏம்மா, நீதான அந்தக் கம்ப்யூட்டர் பொட்டியப் பிரிச்சவ?" என்றார் குருவையா. அவர் பெட்டியின் ஒரு பக்கம் அப்பளம்போல் நசுங்கியிருந்தது.

"ஆமா அண்ணாச்சி. என்ன ஆச்சு?"

"என்ன ஆச்சா? ரிவர்ஸ் வந்த பஸ்ஸு பொட்டியத் தொட்ட பெறகுதான் எனக்கு பஸ்ஸுன்னே தெரிஞ்சது. நான் போட்ட சத்தம் ஒருத்தனுக்கும் கேக்கல. எவனோ புண்ணியவான் கையப் புடிச்சி இழுத்தான், இல்லன்னா இந்நேரம் மொரப்பா மாதிரி துண்டு துண்டாத்தான் அள்ளியிருப்பீக."

"கொஞ்ச நாளைக்கு உள்ள போகாம, இங்கயே நின்னு..."

"இங்க எவன் வாங்குவான்? வீட்டுலருந்து வர்றவனுக்கு இருமல் வராதும்மா, பஸ்ஸுல ஏறி உக்காந்த பெறகுதான் வரும்." அவர் கோலைத் தரையில் ஒரு குத்துக் குத்தினார். "கண்ணு இல்லாதவனுக்கு இருந்தது அது ஒண்ணுதான். அதையும் புடுங்கிட்டு, எல்லாரும் சுகமா இருக்குன்றீகளாமே. நீயும் தெனம் வந்து உள்ள உக்காந்துட்டுப் போறியாம். எம் மகன் மதுரைக்கு வந்துரு, வீட்டுல சும்மா கிடன்றான். கிடந்தா செத்துருவேன். நாளைக்குள்ள சத்தம் வரலன்னா மதுரைக்கே போயிருவேன், அம்புட்டுத்தான்."

கிடந்தா செத்துருவேன் என்றதும் ரேணுகாவுக்குக் கேசவன் ஞாபகம் வந்தது. அவள் உள்ளே போனாள். உட்கார்ந்தாள். அந்த இடத்தைத் தட்டினாள். வெளிறிய படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. பழைய நெட், பழைய யு.எஸ்.பி., அதற்கும் கீழே பழைய சவுண்டு. அதன் மேல் கையை வைத்தாள். நீக்கவா என்று கேட்டது. இதன் டிரைவரையும் சேர்த்து அழிக்கவா என்று ஒரு கட்டம் காட்டியது.

அங்கே அவள் கை நின்றது. அந்த வெளிறிய வரியில்தான் பஸ் ஸ்டாண்டின் பழைய சத்தம் அத்தனையும் இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது, எப்படித் தெரிந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது, எத்தனையோ வருஷமாக இந்தப் பெட்டிகளின் வயிற்றைக் கிழித்துத் தைத்தவளுக்குத் தெரிந்தது. அது பழைய போர்டோடு மட்டும்தான் பேசும், பழைய போர்டு இனி வராது. அதை அழித்தால்தான் புதுச் சத்தம் வரும். வருவது புதுசாக இருக்கும். குருவையாவுக்குத் தெரிந்த ஒரு பஸ்ஸும் அதில் இருக்காது. அவள் மறுபடி எழுந்து வெளியே போய் அதை அவரிடம் சொன்னாள்.

குருவையா கோலை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிப் பிடித்தார்.

"அப்போ பழசு எதுவும் வராதா?"

"வராது அண்ணாச்சி."

"அந்தச் சிவகாசி வண்டி, மூணாவது கியர்ல ஒரு விக்கல் விக்குமே, அது?"

"அதுவும் வராது."

"எல்லாத்தையும் முதல்லருந்து படிக்கணுமா நான்? இந்த வயசுல?" அவர் குரல் முதன்முறையாகச் சின்னதாக ஒலித்தது. பெட்டியின் நசுங்கிய ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். "அலுப்பா இருக்கும்மா."

"எனக்கும்தான் அண்ணாச்சி."

"சரி விடு. ஏதோ ஒரு சத்தம் வரட்டும். நம்ம ஊரு பஸ்ஸு என்னிக்கு ஒரே மாதிரி ஓடுச்சி. போ, போய் அழி."

அவள் திரும்பிப் போனபோது டைம் ஆபீஸ் வாசலில் கூட்டம் நின்றது. அவளும் குருவையாவும் பேசியதை யாரோ கேட்டுவிட்டுச் சைகையிலேயே ஊருக்குச் சொல்லியிருக்க வேண்டும். தாய்மார்கள் தூங்குகிற பிள்ளைகளோடு நின்றார்கள். பரிட்சைக்காரர்கள் புத்தகத்தை நெஞ்சில் சாத்திக்கொண்டு நின்றார்கள். தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டினார்கள். ஜெகவீரன் கம்ப்யூட்டருக்கு முன்னால் நின்று இரண்டு கையையும் குவித்துக் கும்பிட்டார், சர்வீஸிலேயே அவர் யாரையும் அப்படிக் கும்பிட்டிருக்க மாட்டார். ஒருவர் குரலும் இல்லை. அத்தனை பேரும் கெஞ்சுகிறார்கள், கோபப்படுகிறார்கள், ஏதேதோ சொல்கிறார்கள், ஒன்றும் கேட்கவில்லை, அந்தக் கேட்காமைதான் அவர்கள் கேட்டது. ரேணுகாவுக்கு அவர்கள்மேல் கோபமே வரவில்லை. அவளும் அந்தக் கூட்டத்தில் நிற்க வேண்டியவள்தான். தீப்பெட்டி ஆபீஸ் பெண் ஒருத்தியின் தோளைத் தொட்டு மெல்ல விலக்கிவிட்டு, ஜெகவீரனைச் சுற்றிப் போய், உட்கார்ந்து, கட்டத்தில் டிக் அடித்து, அழித்தாள். ரீஸ்டார்ட் கொடுத்தாள். சிப்பின் முதுகில் படித்த பேருக்கு உண்டான டிரைவரை மறுபடி ஏற்றினாள். ஒரு மறுப்பும் சொல்லாமல் போய் உட்கார்ந்தது. மஞ்சள் முக்கோணம் போய்விட்டது.

சத்தம் திறந்துவிட்ட மதகுபோல் வந்தது. ஆரன், விசில், டம்ளர், செருப்பு, நிறுத்தாமல் ஓடிய எஞ்சின்கள், தூக்கம் கலைந்த அத்தனை பிள்ளைகளின் அழுகை, எல்லாம் ஒரே நேரத்தில் வந்தன. எல்லாம் புதுச் சத்தங்கள், இன்னும் பிசுக்கு ஏறாதவை. தூண்களில் கட்டியிருந்த ஸ்பீக்கர்களில் பதிவு செய்த பெண்குரல் வந்து அருப்புக்கோட்டை செல்லும் பேருந்து புறப்படத் தயாராக உள்ளது என்றது, பிளாட்பாரத்தில் ராஜபாளையம் பஸ் நின்றுகொண்டிருந்தது. அந்தக் குரல் எப்போதும் வர வேண்டிய பஸ்ஸைத்தான் சொல்லும், வந்த பஸ்ஸைச் சொல்லாது.

கூட்டம் கலைந்தது. "நல்லா இருந்த வயித்துல கல்லப் போட்டுட்டா" என்று ஒருத்தி பிள்ளையைத் தட்டிக்கொண்டே அவள் காதுபடச் சொல்லிவிட்டுப் போனாள். ஜெகவீரன் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். ரேணுகா போனை எடுத்தாள், அது கையிலேயே அடித்தது.

"எங்க இருக்க?" என்றான் கேசவன்.

"பஸ் ஸ்டாண்டுல. இன்னிக்கு லேட்டாகும். தண்ணி பக்கத்துலதான் இருக்கு, எடுத்துக் குடிங்க. எனக்கு ரொம்ப முடியலங்க." முடியலங்க என்று அவள் அவனிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. கொஞ்ச நேரம் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. "சரி, மெதுவா வா" என்று சொல்லி அவனே வைத்துவிட்டான்.

வெளியே குருவையா பிளாட்பாரத்தின் நடுவில் நின்றார். எஞ்சின்கள் இரண்டு பக்கமும் உறுமின. அவர் தலையை இப்படியும் அப்படியும் திருப்பினார், எந்தச் சத்தமும் அவருக்குப் பிடி கொடுக்கவில்லை, தெரியாத ஊரில் இறக்கிவிட்ட மாதிரி கோலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். "இது எந்த வண்டிப்பா?" என்று கேட்டார். சுற்றி நின்றவர்களுக்கு அவர்மேல் இருந்த ஆத்திரத்தில் யாரும் பதில் சொல்லவில்லை. அவர் மறுபடி கேட்டார்.

"ராஜபாளையம் அண்ணாச்சி" என்று பக்கத்தில் வந்து நின்றாள் ரேணுகா.

"இந்தப் பக்கம் நிக்கிறது?"

"சிவகாசி."

"சத்தமாச் சொல்லும்மா, வாய்க்குள்ள என்ன கொழுக்கட்டையா வச்சிருக்க?"

"சிவகாசி!"

அவள் கத்தியதைக் கேட்டுச் சிவகாசிக்குப் போக வேண்டியவர்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். குருவையா பஸ்ஸின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்து, காதைச் சாய்த்து, உதடுகளை மெல்ல அசைத்து, அந்தச் சத்தத்தை மனதில் இறக்கிக்கொண்டார். அது புறப்பட்டுப் போனதும் அடுத்தது வந்தது. அதுவும் போனது. பொழுது சாயத் தொடங்கும்வரை அவள் அவருடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டு பஸ் பஸ்ஸாகப் போய்ப் பேர் சொன்னாள், அவர் சில சமயம் திரும்பச் சொல்லச் சொன்னார், சில சமயம் அவள் மெதுவாகச் சொல்கிறாள் என்று திட்டினார், ஒரு தடவை நன்றாக இருக்கிற எஞ்சினைக் கெட்டது என்று சொல்லி டிரைவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். பிறகு ஒரு பஸ் வளைவுக்குள் நுழையும்போதே அவர் கோலை உயர்த்தி, "சிவகாசி" என்றார். சிவகாசிதான்.

"நீ போய் உக்காரு, போ" என்று சொல்லிவிட்டுப் படியைத் தட்டி ஏறிக்கொண்டார். இஞ்சி மொரப்பா என்ற சத்தம் பஸ்ஸின் முன்வாசலில் தொடங்கியது.

ரேணுகா பூக்கடைக்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தாள். ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டுக் கிளம்பலாம் என்றுதான் உட்கார்ந்தாள். எதிரே ஒரு பஸ் நின்று உறுமிக்கொண்டிருக்க, தலைக்கு மேல் ஸ்பீக்கர் வராத பஸ்ஸை அறிவித்துக்கொண்டிருக்க, பக்கத்தில் ஒரு பிள்ளை வீறிட்டுக்கொண்டிருக்க, அவள் தலை சாய்ந்து, தூணில் ஒட்டிக்கொண்டு, வாய் லேசாகத் திறந்து, அப்படியே தூங்கிப்போனாள்.

"யாரு அது, இப்படிக் கொறட்ட விடுறது?" என்றார் பெட்டியோடு அந்தப் பக்கம் வந்த குருவையா.

"கம்ப்யூட்டரம்மாதான் அண்ணாச்சி" என்றாள் தங்கலட்சுமி.

அன்று சாயங்காலம் குருவையா பஸ் ஸ்டாண்டைப் பல தடவை சுற்றினார். ஒவ்வொரு தடவையும் அந்த பெஞ்சுக்கு முந்தின தூண் வரைக்கும் தொண்டை கிழியக் கத்திக்கொண்டு வந்தார். அங்கே வாயை மூடி, பெட்டி குலுங்காமல் மார்போடு அணைத்துக்கொண்டு, கோலையும் தரையில் தட்டாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எதிரே என்ன இருக்கிறது என்று தெரியாமலே காலால் தடவித் தடவி அவளைக் கடந்தார். அடுத்த தூணைக் கை தொட்டதும் மறுபடி இஞ்சி மொரப்பா என்று ஆரம்பித்தார்.